பாலத்துக் கம்பியில் ஒரு துணி

நாலா என்கிற அந்தக் கழிவுநீர் ஓடை பச்சையாக ஓடினால் பாலத்துக் கம்பியில் துணி கட்ட வேண்டும். அது ஷேவந்தாவின் வேலை. யாரும் கூப்பிட்டுக் கொடுத்த வேலை இல்லை. பாலத்தை ஒட்டி முதல் வீடு அவளுடையது; விடிகாலையில் செம்பை எடுத்துக்கொண்டு முதலில் வெளியே வருகிறவளும் அவள்தான். அதனால் அவள் கைக்கு வந்து சேர்ந்தது. பழைய சிவப்புப் புடவையின் முந்தானைத் துண்டு ஒன்று அதற்கென்றே வாசல் ஆணியில் தொங்கும்.

மற்ற நிறங்களுக்குத் துணி கிடையாது. ரோஸ் நிறத்தில் ஓடினால் சாயக் கம்பெனி கழுவிவிட்டிருக்கிறான் என்று அர்த்தம். அன்றைக்கு வெள்ளைத் துணி துவைக்கக் கூடாது, அவ்வளவுதான். மஞ்சள் என்றால் மூக்கு எரியும். கறுப்பு சும்மா அழுக்கு, அதில் மனிதர்கள் அடுக்குமாடிகளிலிருந்து அனுப்புவதும் சேர்த்தி. பச்சைதான் ஆகாது. அதில் காலை நனைத்தவனுக்குச் சாயங்காலத்துக்குள் தோல் கொப்பளித்துக் கழன்று வரும். நாலாவோரத்துக் கைப்பம்பும் அன்றைக்கு உதவாது. கம்பியில் சிவப்பு தெரிந்தால் பிளாஸ்டிக் அலசுகிற பெண்கள் இறங்க மாட்டார்கள், கம்பெனி கேட்டுக்கு நாலாவில் இறங்கிக் குறுக்கே நடக்கிற ஆட்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். பஞ்சசீல் நகரில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. மும்பைக்கு வெளியே, கல்யாண் ஊருக்கு இந்தப் பக்கம், கம்பெனிப் பேட்டைக்கும் நாலாவுக்கும் நடுவில் வந்து குடியேறியவர்களுக்கு வந்த ஒரு மாதத்தில் தானாகப் பிடிபட்டுவிடும்.

ஷேவந்தாவும் தத்தூவும் ஜால்னா பக்கத்து வறட்சியிலிருந்து வந்தவர்கள். கல்யாணமான புதிது அப்போது. தத்தூ சாயக் கம்பெனியில் தொட்டியடி வேலைக்குச் சேர்ந்தான். மூட்டை பிரித்துத் தூளைக் கொட்டிக் கட்டையால் கலக்க வேண்டும். முதலில் மோப்பம் போயிற்று. வெங்காயம் கருகினாலும் தெரியாது, சாராயக் கடையைத் தாண்டினாலும் தெரியாது. அதை ஒரு சௌகரியமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு மூச்சு போக ஆரம்பித்தது. படி ஏற முடியாதவனைக் கம்பெனி வைத்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகக் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். நகக்கண்ணிலும் காது மடிப்பிலும் ஊதா இன்னும் போகவில்லை. கழுத்துத் தோல் வெந்தயம் ஊறப்போட்ட மாதிரி பொரிந்து கிடந்தது.

ஷேவந்தா டிரம் யார்டுக்குப் போனாள். கெமிக்கல் வந்த பீப்பாய்களுக்குள் காஸ்டிக் ஊற்றி, பாதி உடம்பை உள்ளே விட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். அதே பீப்பாய்களைத் தண்ணீர் பிடித்து வைக்க இதே குடிசைகளுக்கு விற்பார்கள். தான் தேய்த்த பீப்பாய் என்றால் இன்னும் ஒருமுறை தேய்த்து வீட்டில் வைத்துக்கொள்வாள்.

வேலை முடிந்து வந்து சோள மாவில் பக்ரி ரொட்டி தட்டி, தொட்டுக்கொள்ள மிளகாய்த் தேச்சா இடித்து வைத்தால் அவன் அரை பக்ரியோடு எழுந்துவிடுவான். பேச்சு இல்லை. அவளுக்கு உடம்பு வலி பழகிப்போயிருந்தது. அந்தப் பேச்சில்லாமைதான் பழகவில்லை. அவனை ஒருநாள் சட்டை போட்டு வாசலைத் தாண்ட வைத்துவிட்டால் போதும், மனுஷன் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தாள். வேறு பெரிய ஆசை ஒன்றும் அப்போது அவளிடம் இல்லை.

வைகாசி வெயிலில் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

கதையைப் பப்பன் வந்து சொன்னான். பப்பன் அந்தப் பேட்டையில் ஊர்வலத்துக்கும் கூட்டத்துக்கும் கல்யாணப் பந்தலுக்கும் ஆள் பிடித்துக் கொடுப்பவன். கம்பெனிக் கழிவு குடிசைத் தண்ணீரில் கலக்குமாம், குடித்தவர்கள் எல்லாம் ஜாம்பியாகிவிடுவார்களாம், அதாவது நடக்கிற பிணம். பிணங்கள் சுவரேறிக் குதித்து அந்தப் பக்கத்து நாலு அடுக்குமாடிக்குள்ளும் போய் ஆட்களைக் கடிக்குமாம். சிரிப்புப் படம். ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரிக்கணும் என்று டைரக்டர் சொல்கிறாராம்.

பக்கத்து வீட்டுக் கோதாவரி அந்த அடுக்குமாடியில் பாத்திரம் தேய்க்கிறவள். கேட்டுவிட்டு, “உள்ள போறாங்களா? வாட்ச்மேன் விட்டானாமா?” என்றாள். “நான் தெனம் போறவ. வரும்போது பையப் பிரிச்சுக் காட்டுன்றான். பொணத்துக்குப் பாஸ் எதுனா குடுத்திருக்காங்களா பப்பன்?”

“கதைதான அக்கா.”

“அதான் கேக்கறேன். கதைக்குன்னாலும் ஒரு நாயம் வேணாமா?”

வந்த அன்றே சினிமாக்காரர்களுக்கு ஒரு சங்கடம். கேமரா வந்திருக்கிறது என்று கம்பெனிகளுக்குச் சேதி போய், எல்லாரும் குழாயை மூடிவிட்டார்கள். நாலா தெளிந்துவிட்டது. ஷேவந்தா இத்தனை வருஷத்தில் அதன் அடிக்கல்லைப் பார்த்ததில்லை; அன்று பார்த்தாள். ஒரு கொக்குகூட வந்து நின்றது. ஊர் ஜனம் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. டைரக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இந்த அசிங்கத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம், இப்போது அசிங்கம் எங்கே என்று தன் ஆட்களிடம் கத்தினாராம்.

மறுநாள் அவர்களே மேல்கையில், தண்ணீர் வருகிற திசையில், ஒரு தொட்டி வைத்து நிறம் கலந்துவிட்டார்கள். விடிகாலையில் ஷேவந்தா வெளியே வந்தபோது நாலா பச்சையாக ஓடியது. பழக்கத்தில் ஆணியிலிருந்து துணியை எடுத்துக் கம்பியில் கட்டிவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் தன்வி என்கிற பெண் வந்தாள். ஆட்களை மேய்க்கிற அஸிஸ்டென்ட் அவள். நல்ல பெண்தான், எல்லோரையும் முறை வைத்துக் கூப்பிடுவாள்.

“மாவ்ஷி, அந்தச் செவப்புத் துணி ஃப்ரேம்ல விழுது. எடுத்துரட்டுமா?”

ஷேவந்தா எதற்காகக் கட்டுகிறோம் என்று சொன்னாள். தன்வி சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். பிறகு நிறம் கலக்கிற ஆளைக் கூப்பிட்டாள். அவன் ஒரு குவளை மொண்டு, அதில் விரலை விட்டு நக்கிக் காட்டினான். ஜிலேபிக்குப் போடுகிற சாயம்தானாம். பாலத்தில் நின்ற கூட்டம் ஓவென்றது. கோதாவரி, பச்சை ஜிலேபி எந்த ஊரில் போடுகிறார்கள் என்று கேட்டு அவனைத் திணறடித்தாள்.

துணியை ஷேவந்தாவே அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். தினமும் பச்சைதான் ஓடியது. கட்டவில்லை.

தத்தூவைப் பப்பன் கட்டிலிலிருந்து கிளப்பிக்கொண்டு போனான். கூலி உண்டு, சாப்பாடு உண்டு, ஓட வேண்டியதில்லை, மெதுவாக நடந்தால் போதும் என்றான். மேக்கப் கூடாரத்தில் வரிசை. தத்தூவின் முறை வந்தபோது அந்த மேக்கப்காரி நிமிர்ந்து பார்த்து, இவருக்கு ஏற்கெனவே போட்டாகிவிட்டதே, யார் போட்டது என்று தன் ஆட்களைக் கேட்டாள். தத்தூதான் சொன்னான், “கம்பெனில போட்டது. இருபது வருஷமா போட்டாங்க.” சொல்லிவிட்டு இருமல் வரும்வரை சிரித்தான். ஷேவந்தாவுக்கு இதைச் சொன்னதும் அவன்தான், சொல்லும்போதும் சிரித்தான். அவள் மாவு பிசைந்த கையோடு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழு பக்ரி தின்று இன்னொன்று கேட்டான்.

நடக்கச் சொல்லிக்கொடுக்க மும்பையிலிருந்து ஒருத்தன் வந்திருந்தான். கையைக் கோணு, காலை இழு என்று பாடாய்ப்படுத்தினான். தத்தூ தன் பாட்டுக்கு நடந்தான். தோள் தொங்கி, வாய் பிளந்து, கண் எதிலும் நிற்காமல், இரண்டு காலும் ஈயம் கட்டியதுபோல. எல்லோரும் நின்று பார்த்தார்கள். டைரக்டர் எழுந்து வந்துவிட்டார்.

தத்தூவை அண்ணன் முறையில் பாவு என்று கூப்பிடுகிற கோதாவரி வீட்டில் கேட்டாள், “எங்க பாவு படிச்ச இந்த நடைய?”

“இதுல படிக்க என்ன இருக்கு? ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு கேட்டத் தாண்டி வரவனப் பாத்ததில்லியா நீ? கால்ல பூட்ஸு, பூட்ஸுக்குள்ள தண்ணி. வீடு எந்தப் பக்கம்னு காலுக்குத்தான் தெரியும். ஆளு தூங்கிட்டுத்தான் வருவான்.”

“அப்ப எங்க வீட்டுக்காரன் தெனம் நடிச்சுட்டுத்தான் வரான்னு சொல்லு. காசு தரமாட்டேன்றானுங்களே.”

மறுநாளிலிருந்து தத்தூ முன்வரிசை. பின்வரிசைப் பிணங்களுக்கு மாவும் சிவப்புச் சாயமும் மட்டும்தான். முன்வரிசைக்குக் கண்ணில் வெள்ளை லென்ஸ் வைப்பார்கள், கருவிழியே தெரியாது. போடும்போது கண்ணீராகக் கொட்டியது, எல்லாம் புகை மூட்டமாகத் தெரிகிறது என்றான். ஆனால் சாயங்காலம் அதைக் கழற்றாமலே கொஞ்ச தூரம் வந்து, வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஷேவந்தாவின் முன்னால் திடீரென்று நின்றான். அவள் முறத்தைப் போட்டுவிட்டாள். சந்து முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். பயந்ததற்கு அவனை முதுகில் ஒன்று வைத்தாள். எத்தனை காலம் கழித்து அவனைத் தொட்டு அடித்தோம் என்று ராத்திரி படுத்தபின் நினைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டில் பிணங்களுக்குத் தனிப் பந்தி. பொட்டலச் சோறும் பருப்பும். நடிகர்களுக்கு மேசை போட்டுச் சுடச்சுட. பாட்டில் தண்ணீரும் அந்தப் பக்கம்தான். இந்தப் பக்கத்துக்கு ஒரு டேங்கர். கடிக்கப் போகிற நாம் பட்டினியாக இருந்தால்தான் கடி நன்றாக விழும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள் போல, என்று தத்தூ சொன்னதாகப் பேட்டையே சொல்லித் திரிந்தது. இந்தப் படம் முடிந்ததும் வேறு படத்துக்கும் கூப்பிடுவதாகப் பப்பன் சொல்லியிருந்தான். ஷேவந்தா நம்பவில்லை. ஆனால் அவன் நம்பினான். அது போதுமாயிருந்தது அவளுக்கு.

நாலாவுக்குள் இறங்கி வருகிற காட்சியைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். பிணங்கள் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து, தண்ணீர்க் கேன் தூக்கிக்கொண்டு ஓடுகிற அடுக்குமாடிக்காரனைத் துரத்த வேண்டும். தத்தூதான் முதலில். விழுந்து, முழுகி, எழ வேண்டும்.

அன்றைக்கு வானம் மூடியிருந்தது. முதல் மழை வராமல் முக்கிக்கொண்டிருந்தது. கிழக்கே மலைப் பக்கம் இரவிலேயே பெய்துவிட்டது என்று பால்காரன் சொன்னான். பேட்டையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்: முதல் மழைக்குக் கம்பெனிக்காரன் தொட்டியைத் திறந்துவிடுவான், மழை அடித்துக்கொண்டு போய்விடும், யார் விட்டது என்று எவனும் கேட்க முடியாது. வழக்கமாக அந்த நாளில் துணி கட்டாவிட்டாலும் யாரும் நாலா பக்கம் போக மாட்டார்கள். ஆனால் அன்று டேங்கர், ஜெனரேட்டர், குடை, கூட்டம், மைக். மழை வந்தால் படப்பிடிப்பு நின்றுவிடுமே என்கிற கவலையைத்தான் சினிமாக்காரர்களிடமிருந்து பேட்டைக்காரர்களும் வாங்கிக்கொண்டார்கள்.

ஷேவந்தா யார்டுக்கு லீவு போட்டிருந்தாள். வாசலில் நின்று நாலாவைப் பார்த்தாள். பச்சை. நேற்றைவிடக் கொஞ்சம் கனமாக, ஓரத்தில் நுரை கட்டி. கை தானாக ஆணிக்குப் போயிற்று. துணியை எடுத்துக்கொண்டு பாலம் வரை வந்துவிட்டாள். புகை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த எண்ணெய்ப் புகை நாற்றத்தில் வேறு நாற்றம் எதுவும் தெரியவில்லை. மேல்கையில் நிறத் தொட்டிக்குப் பக்கத்தில் அந்த ஆள் நின்றிருந்தான். கடைசி நாள், தாராளமாக ஊற்றியிருக்கிறான் என்று நினைத்தாள். அவ்வளவு பேர் நடுவில் மறுபடி துணியைக் கட்டி, மறுபடி தன்வி வந்து, மறுபடி அவன் விரலை நக்கிக் காட்டி, அந்தச் சிரிப்பு மறுபடி வேண்டாம் என்றும் நினைத்தாள்.

கீழே கரையில் முன்வரிசை நின்றது. தத்தூவின் கண் இரண்டும் வெள்ளையாக அவள் பக்கம் திரும்பின. அவனுக்கு மோப்பம் கிடையாது, அன்று பார்வையும் பாதிதான். முதலில் கம்பியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து முகத்தை மேலே ஆட்டினான், இறங்கலாமா என்று.

இறங்கலாம் என்று அவள் தலையசைத்தாள். துணியில் கையைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவன் நன்றாகத்தான் விழுந்தான். முழுகினான். எழுந்தபோது வாயிலிருந்து வந்த சத்தத்தில் கரையில் நின்றவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பின்னாலேயே மற்றவர்களும் எழுந்து ஊளையிட்டார்கள், முகத்தைப் பிறாண்டிக்கொண்டார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கரையைப் பிடித்து ஏறினார்கள். தண்ணீர்க் கேன்காரன் ஓட மறந்து நின்றுவிட்டான். டைரக்டர் கையைத் தூக்கி, யாரும் நிறுத்தாதீர்கள் என்று சைகை காட்டியபடியே இருந்தார். சிரிப்பும் பயமும் சேர்ந்து அவர் முகம் சின்னப் பிள்ளை முகம்போல இருந்தது. அவரை என்ன சொல்வது. பிணம் அலறத்தானே வந்திருக்கிறது.

கரையேறி வந்த ஒருத்தி, நடிக்கிற குரலில் இல்லாமல், தன் புருஷன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அப்போதுதான் ஷேவந்தா ஓடினாள்.

டேங்கரில் தண்ணீர் தீர்ந்திருந்தது. தன்விதான் நடிகர்கள் பக்கம் ஓடிப் பாட்டில் பெட்டிகளை உடைத்து எடுத்து வந்தாள். கையில் கிடைத்தவர்களுக்கெல்லாம் ஊற்றினாள். மற்றவர்களுக்குக் காலிலும் இடுப்பிலும் கொப்பளம். கண்ணைக் கழுவினதும் பார்வை வந்தது. தத்தூவின் முகத்திலும் பாட்டில் பாட்டிலாகக் கவிழ்த்தார்கள். லென்ஸுக்கு உள்பக்கம் எது போய் உட்கார்ந்துவிட்டதோ அது அங்கேயே இருந்தது. மேக்கப்காரி முன்வரிசையில் ஒவ்வொருவராகக் கழற்றிக்கொண்டு அவனிடம் கடைசியில் வந்தாள். கழற்றின பிறகும் அவன் கண் வெள்ளையாகவே இருந்தது. அவள் தான் கழற்றவில்லை என்று நினைத்து மறுபடி விரலைக் கொண்டுபோனாள்.

ஆஸ்பத்திரியில் கருவிழி வெந்துவிட்டது என்றார்கள். அதற்குமேல் அவர்கள் சொன்னதெல்லாம் பொறுத்திருக்கச் சொன்னதுதான்.

அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். கம்பெனிகள் எல்லாம் ஒரே குரலில், நாலாவில் நிறம் கலந்தது சினிமாக்காரர்கள், ஊரே சாட்சி என்றன. அது பொய்யும் இல்லை. சினிமாக்காரர்கள் ஜிலேபிச் சாயத்தின் டப்பாவைக் காட்டினார்கள். அதுவும் பொய் இல்லை. கொஞ்ச நாள் இவர் அவரையும் அவர் இவரையும் காட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. தன்வி இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். பப்பன் பாலத்துப் பக்கம் வருவதை விட்டு மறுவழியில் போக ஆரம்பித்தான்.

ஷேவந்தா மறுபடி யார்டுக்குப் போனாள். பீப்பாய்க்குள் தலையை விட்டுத் தேய்க்கையில் கண்ணை இறுக மூடிக்கொள்கிற வழக்கம் புதிதாக வந்தது. காலையில் அவனுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்து, பக்ரியும் கடலைமாவுப் பிட்லாவும் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுப் போவாள். ஊமையாக இருந்த முந்தைய வருஷம்போல அவன் இப்போது இல்லை. பேசினான். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. எழுந்ததும் முதல் கேள்வி, இன்னைக்கு என்ன நெறம் என்பது. அவள் வெளியே போய்ப் பார்த்து வந்து சொல்வாள். ரோஸ். கறுப்பு. மஞ்சளாட்டம். பச்சை என்றால், கட்டிட்டியா என்பான். கட்டிட்டேன் என்பாள். அதற்குமேல் அவன் ஒருநாளும் போனதில்லை. அன்றைக்குக் கரையில் நின்று கம்பியைப் பார்த்ததை அவன் சொன்னதில்லை. தான் தலையசைத்ததை அவளும் சொன்னதில்லை.

ஒருநாள் கோதாவரி மாவு சலித்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

“திட்டுனானா உன்ன?”

“இல்ல அக்கா.”

“ஒரு வார்த்த?”

“இல்ல.”

கோதாவரி சல்லடையை நிறுத்தினாள். “திட்டிருந்தா நல்லாருந்திருக்கும்,” என்றாள். அன்று அவள் வேறு கேலி எதுவும் செய்யவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் படம் வந்தது. தன்வி போன் செய்து, டிக்கெட் அனுப்புவதாகவும் கட்டாயம் வரவேண்டும் என்றில்லை என்றும் சொன்னாள். தத்தூ காகா விழுகிற காட்சியை வைத்திருக்கிறோம், படத்திலேயே அதுதான் பேச்சு என்றாள். பிறகு தயங்கி இன்னொன்றும் சொன்னாள். அந்தத் தண்ணீரின் நிறத்தைக் கம்ப்யூட்டரில் மாற்றிவிட்டார்களாம்.

“ஏன்?”

“அந்தப் பச்சை பொய்யாத் தெரியுதாம் மாவ்ஷி. பாத்தவங்க யாரும் நம்பல.”

ஷேவந்தா போனை வைத்துவிட்டாள். தத்தூவிடம் டிக்கெட் விஷயத்தை மட்டும் சொன்னாள். போகலாம் என்றான் உடனே. இஸ்திரி போட்ட சட்டை கேட்டான்.

மால் தியேட்டர். குளிரூட்டி உடம்பைத் துளைத்தது. பேட்டையிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். தங்கள் முகம் வருகிற இடத்தில் பெயர் சொல்லிக் கூவினார்கள். கோதாவரி தன் வீட்டுச் சுவரைக் கண்டுபிடித்து, வெள்ளையடிக்காத வீட்டைக் காட்டி மானத்தை வாங்கிவிட்டார்கள் என்று முன்சீட்டிலிருந்து புலம்பினாள். தத்தூ கறுப்புக் கண்ணாடியோடு, முழங்காலில் கையை வைத்து, நேராக உட்கார்ந்திருந்தான். ஷேவந்தா காதுக்குள் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நாலா வந்தது. தண்ணீர் கருஞ்சிவப்பாக, ஆறிப்போன ரத்தம்போல ஓடியது. பாலம், கம்பி, கரையில் பிணங்கள். தத்தூ விழுந்தான். முழுகினான். எழுந்து அந்தச் சத்தத்தைப் போட்டான்.

தியேட்டர் சிரித்தது. அடுக்குமாடிக்காரன் கேனோடு மரமாக நிற்பதைக் காட்டியதும் மறுபடி சிரித்தது. பின்னால் யாரோ கையைத் தட்டினார்கள். பேட்டை ஆட்கள் மட்டும் சத்தமில்லாமல் இருந்தார்கள்.

“சிரிக்கிறாங்க,” என்றான் தத்தூ.

“ஆமா.”

“நல்லாத்தான் விழுந்திருக்கேன் போல.”

“ம்.”

“தண்ணி என்ன நெறம்?”

இத்தனை நாளில் நிறத்தில் மட்டும் அவள் அவனிடம் பொய் சொன்னதில்லை. திரையைப் பார்த்தாள்.

“பச்சை,” என்றாள்.

அவன் தலையாட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தி, அக்கம்பக்கம் கேட்காதபடி கேட்டான்.

“பாலம் தெரியுதா?”

“தெரியுது.”

“கம்பில துணி இருக்கா?”

“இல்ல.”

“கட்டலியா?”

“கட்டல,” என்றாள் ஷேவந்தா.

“சரி,” என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டான், பார்க்கிறவனைப் போல.